மூழ்கிய காட்டின் மேல் கயாக்

பனாமாவின் காதூன் ஏரியில் கரையோரமாகக் கயாக் ஓட்டுபவர், தண்ணீருக்கு மேல் முழம், இரண்டு முழம் நீட்டிக்கொண்டு நிற்கும் பட்டமரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்துதான் துடுப்புப் போட வேண்டும். நூறு வருடங்களுக்கும் மேலாக அவை அங்கேயே நிற்கின்றன. மரத்தைத் தின்னும் பூஞ்சைகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஏரியின் அடியில் அது போதாது. அதனால் வெளியே தெரியும் நுனி வெயிலிலும் மழையிலும் தேய்ந்துபோனாலும், நீருக்குள் இருக்கும் அடிமரம் கெட்டியாக இருக்கிறது. முக்குளிப்பவர்களை இறக்கி, அந்த மரங்களை அறுத்தெடுத்து விற்கும் தொழிலே அங்கு நடக்கிறது.

ஏரி என்றாலும் இது இயற்கையாக உண்டானதல்ல. சாக்ரெஸ் ஆற்றின் குறுக்கே அமெரிக்கர்கள் அணை கட்டி, 1913-இல் தண்ணீரைத் தேக்கினார்கள். 1914 ஆகஸ்ட் 15 அன்று பனாமா கால்வாய் திறக்கப்பட்டபோது, உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி இதுதான். ஏறத்தாழ 425 சதுர கிலோமீட்டர் பரப்பு. கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில் கிடக்கும் தண்ணீர். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் கப்பல் இந்த உயரத்துக்கு ஏறி, ஏரியில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, மறுபக்கம் இறங்குகிறது. பள்ளத்தாக்கில் இருந்த ஊர்கள் நீருக்கடியில் போயின. குன்றுகளின் உச்சிகள் தீவுகளாயின. தாழ்நிலத்துக் காட்டில் இருந்த உயிர்களில் நகர முடிந்தவை மேட்டுக்கு நகர்ந்தன.

இந்த வரலாறு தெரியாமல் துடுப்பெடுத்தவருக்கு அங்கே பார்க்கும் ஒவ்வொரு விலங்கும் தற்செயலாக எதிர்ப்பட்டதாகத்தான் தோன்றும். ஒரு பக்கம் முதலை, இன்னொரு பக்கம் தண்ணீர் மேல் ஓடும் ஓணான், துடுப்புக்கு அடியில் கடல் மீன். ஆனால் தற்செயல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, தண்ணீரை யார் எப்படிக் கடக்கிறார்கள் என்ற கணக்குதான். திடீரென்று ஒரு காட்டின் நடுவே இவ்வளவு தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்தினால், சில உயிர்களுக்கு அது வழியாகிறது, சிலவற்றுக்குச் சுவராகிறது. எது எதற்கு வழி, எதற்குச் சுவர் என்பதை உடலமைப்பை வைத்து முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

முதலில் கயாக்கையே எடுத்துக்கொள்வோம். அதில் உட்கார்ந்திருப்பவரின் கண், நீர்ப்பரப்பிலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. இயந்திரச் சத்தம் கிடையாது. நெருங்கிப் போனாலும் விலங்குகள் விலகாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்கிறார்கள். பாதி உண்மைதான். ஆபத்தைக் கண்ட விலங்கு எவ்வளவு தூரத்தில் ஓடத் தொடங்க வேண்டும் என்பதில் ஒரு லாபநட்டக் கணக்கு இருக்கிறது. சீக்கிரம் ஓடினால் மேய்ச்சலும் ஓய்வும் வீண். தாமதித்தால் உயிர் போகும். மோட்டார் படகு அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலேயே தன் வருகையைச் சொல்லிவிடுவதால், கரையில் இருக்கும் கேப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கு நிதானமாக யோசித்து விலகலாம். கயாக் வளைவைத் திரும்பியதும் பத்து மீட்டரில் வந்து நிற்கிறது. பதுங்கி வரும் வேட்டைவிலங்கும் அப்படித்தான் வரும். எதிர்பாராத சந்திப்பு என்று நாம் ரசிக்கும் அந்த நொடியில் அதிகம் அதிர்ச்சியடைவது மறுதரப்பு. சத்தமில்லாத படகு விலங்குகளுக்குத் தொந்தரவே தராது என்ற சுற்றுலா விளம்பர வாசகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அதிலும், சத்தமில்லாதது என்பது காற்றில் மட்டும்தான். தண்ணீருக்குள் கயாக்கை நன்றாகவே உணரும் உயிர் ஒன்று அங்கே இருக்கிறது. அமெரிக்க முதலை நீரில் கிடக்கும்போது கண்களும் மூக்குத் துவாரங்களும் மட்டும் மேலே தெரியும். அதன் தாடை ஓரங்களில் கடுகளவு கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். இந்தப் புள்ளிகள் எதற்கு என்பதை 2002-இல் டாஃப்னே சோரஸ் என்ற ஆய்வாளர், முதலையின் உறவான அலிகேட்டரை வைத்துக் கண்டறிந்தார். இருட்டில், வேறு ஒலி எதுவும் கேட்காதபடி செய்து, பாதி மூழ்கிய அலிகேட்டருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு துளி தண்ணீரைச் சொட்டவிட்டார். அலிகேட்டர் அந்தப் பக்கம் திரும்பியது. புள்ளிகளை மூடிவிட்டுச் சொட்டவிட்டபோது திரும்பவில்லை. நீர்ப்பரப்பில் எழும் மெல்லிய அலையின் அழுத்தத்தை உணரும் உறுப்புகள் அவை. அலிகேட்டருக்கும் அதன் நெருங்கிய உறவான கெய்மனுக்கும் அவை தலையில் மட்டும். முதலை இனங்களுக்கோ உடல் முழுவதும் உண்டு. ஒரு துளியின் அலையையே கண்டுகொள்ளும் தோலுக்கு, துடுப்பு போடும் ஒவ்வொரு தள்ளலும் பெரிய அறிவிப்பு. நாம் அதைப் பார்ப்பதற்கு வெகுமுன்பே அது நம்மைக் கணக்கில் எடுத்திருக்கும். பெரும்பாலும் சத்தமில்லாமல் மூழ்கிவிடும்.

காதூன் ஏரியில் கெய்மனும் உண்டு, முதலையும் உண்டு. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் முதலையின் நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் இருக்கின்றன. அதனால் அமெரிக்க முதலைக்குக் கடலும் வழிதான். கரீபியன் தீவுகள் சிலவற்றிலும் அது பரவியிருப்பது அப்படித்தான். இந்தச் சுரப்பி இல்லாத கெய்மன் நன்னீரோடு நின்றுவிட்டது.

கரையோரப் புதரிலிருந்து திடீரென்று ஒன்று பாய்ந்து, பின்னங்கால்களை மட்டும் ஊன்றி, ஏரியின் மேல் ஓடி, அடுத்த புதருக்குள் மறைகிறது. பசிலிஸ்க் ஓணான். முதல்முறை பார்ப்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் இதை ஏசு கிறிஸ்து பல்லி என்றே அழைக்கிறார்கள். இது எப்படி முடிகிறது என்பதை 1996-இல் கிளாஷீன், மெக்மஹன் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஓணானின் பாதம் முதலில் நீரை அறைகிறது. பிறகு கீழ்நோக்கியும் பின்நோக்கியும் தள்ளுகிறது. அப்போது பாதத்தைச் சுற்றி நீருக்குள் ஒரு காற்றுக்குழி உண்டாகும். அந்தக் குழியைத் தண்ணீர் வந்து மூடுவதற்குள் பாதத்தை அதன் வழியாகவே உருவிக்கொள்ள வேண்டும். உருவிக்கொள்ளாவிட்டால் நீர் காலைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு கிராம் குட்டிக்கு, தன் எடையைத் தாங்கத் தேவையானதைப்போல இரு மடங்குக்கும் அதிகமான விசை கிடைக்கிறது. இருநூறு கிராம் இருக்கும் பெரிய ஓணானுக்கு மிச்சம் பத்துச் சதவீதம்தான். அதனால்தான் குட்டிகள் ஏரியில் வெகுதூரம் ஓடுவதும், முதிர்ந்தவை நாலடி வைத்ததும் தொப்பென்று விழுந்து நீந்தத் தொடங்குவதும். இதே கணக்கை மனிதனுக்குப் போட்டால், விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் காலால் அறைய வேண்டும். நம் தசைகளால் தொடர்ந்து தர முடிவதைப்போல் பதினைந்து மடங்கு சக்தி வேண்டும்.

2004-இல் டோனியா ஷீயும் ஜார்ஜ் லாடரும் தண்ணீரில் நுண்துகள்களை மிதக்கவிட்டு, லேசர் ஒளி பாய்ச்சிப் படமெடுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஓணானுக்குத் தாங்குவிசை மட்டும் போதாது. ஒவ்வோர் அடியிலும் பக்கவாட்டிலும் நீரைத் தள்ளித்தான் அது கவிழாமல் போகிறது. மேலே நிற்பதைவிடச் சாயாமல் இருப்பதுதான் கடினம் என்பது கயாக் ஓட்டக் கற்றுக்கொண்ட எவருக்கும் புரியும்.

விடியற்காலையில் ஏரி முழுவதும் ஒரு கர்ஜனை கேட்கும். சிங்கம், சிறுத்தை என்று பயந்து தலையைத் தூக்கினால், அத்திமரத்தின் உச்சியில் ஏழெட்டுக் கிலோ எடையில் ஒரு ஊளைக்குரங்கு உட்கார்ந்திருக்கும். அதன் தொண்டையில் நாவடி எலும்பு கிண்ணம்போலப் பெருத்து, குரலைப் பெருக்கிக் காட்டுகிறது. சில கிலோமீட்டர் வரை கேட்கும். இலை தின்று வாழ்வதால் சண்டை போட்டு வீணாக்க அதனிடம் சக்தி இல்லை. கத்தியே எல்லையைத் தீர்த்துக்கொள்கிறது. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஊளைக்குரங்கு வகைகளை ஒப்பிட்டு, குரல் எலும்பு பெரிதாக உள்ள வகைகளில் ஆண்களின் விந்தகம் சிறிதாகவும், எலும்பு சிறிய வகைகளில் விந்தகம் பெரிதாகவும் இருப்பதைக் காட்டியது. இரண்டிலும் முதலீடு செய்ய உடலிடம் மூலதனம் இல்லை போலிருக்கிறது. சத்தமாகப் பேசுகிறவர்களைப் பற்றி இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். இது குரங்குகளைப் பற்றிய ஆய்வு.

காட்டில் வாழும் குரங்குகளை முறையாகக் கவனித்த ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று நடந்தது இதே ஏரியில்தான். 1931-இல் கிளாரன்ஸ் ரே கார்ப்பென்டர் என்ற இளைஞர் ஏரியின் மிகப் பெரிய தீவான பாரோ கொலராடோவுக்கு வந்து ஊளைக்குரங்குகளின் பின்னால் அலைந்தார். பதினைந்து சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவு ஏரி நிறைவதற்கு முன் ஒரு குன்று. 1923-இல் அதைக் காப்பகமாக அறிவித்தார்கள். இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வெப்பமண்டல ஆய்வுக்கூடம் அங்கே இருக்கிறது. தீவில் 50 ஹெக்டேர் இடத்தைக் கோடு கிழித்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் பருமனைத் தாண்டிய ஒவ்வொரு மரத்தையும் செடியையும் 1980-களின் தொடக்கத்தில் அளந்து எண் போட்டார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேல். சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடியும் அளக்கிறார்கள். பூமியில் இவ்வளவு உன்னிப்பாகக் கண்காணிக்கப்பட்ட வெப்பமண்டலக் காடு வேறு அதிகம் இல்லை.

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தீவிலிருந்து பறவைகள் காணாமல் போயின. காட்டை யாரும் வெட்டவில்லை. ஆனாலும் ஏரி உண்டான பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் தீவில் அற்றுப்போயின. காடு முதிர முதிரத் திறந்த வெளிப் பறவைகள் போனதில் வியப்பில்லை. புதிர் என்னவென்றால், அடர்காட்டின் அடித்தளத்தில் வாழும் பறவைகளும் போனதுதான். படையெடுத்துச் செல்லும் எறும்புக் கூட்டத்தின் பின்னால் போய், எறும்புக்குப் பயந்து துள்ளியெழும் பூச்சிகளைக் கொத்தும் எறும்புப்பறவைகள் அவற்றில் சில. சிறிய தீவில் எண்ணிக்கை குறைவு. ஒரு வறட்சியோ நோயோ வந்தால் அற்றுப்போகும். பெருநிலத்திலிருந்து புதிதாக வந்து குடியேறினால் ஈடாகும். பெருநிலம் சில நூறு மீட்டரில் கண்ணுக்குத் தெரிகிறது. சிறகும் இருக்கிறது. பிறகு ஏன் வரவில்லை?

2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது, அதுவும் படகிலிருந்து. காட்டுப்பறவைகளைப் பிடித்து, ஏரியின் நடுவே கொண்டுபோய், கரையிலிருந்து 100, 200, 300 மீட்டர் தூரங்களில் பறக்கவிட்டார்கள். சில இனங்கள் எளிதாகக் கரை சேர்ந்தன. சில இனங்களால் நூறு மீட்டரைக்கூடக் கடக்க முடியவில்லை. களைத்துத் தண்ணீரில் விழுந்தவற்றை ஆய்வாளர்கள் அள்ளியெடுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அப்படித் தோற்ற இனங்களும் தீவுகளில் அற்றுப்போன இனங்களும் பெரும்பாலும் பொருந்திவந்தன. தலைமுறை தலைமுறையாகப் புதருக்குப் புதர் நாலு மீட்டர் பறந்தே வாழ்ந்த பறவைக்கு வெட்டவெளியில் தொடர்ந்து பறக்கும் தசையும் இல்லை, பழக்கமும் இல்லை. ஒரு நீச்சல்காரர் சில நிமிடங்களில் கடந்துவிடும் நீர் அதற்குக் கடலுக்குச் சமம்.

இதற்கு நேர்மாறாக, நட்ட நடு ஏரியில் கயாக்கைக் கடந்து நீந்திப்போகும் ஒரு ஸ்லாத்தைப் பார்க்க வாய்க்கலாம். மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கி, வாரத்துக்கு ஒருமுறை மலம் கழிக்க மட்டும் தரைக்கு இறங்குவதாகப் பெயரெடுத்த விலங்கு. தரையில் அது நகர்வதைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். ஊர்ந்துகூட அல்ல, நகங்களால் இழுத்து இழுத்துப் போகும். அதே விலங்கு நீரில் இறங்கினால் கழுத்தை நிமிர்த்தி, நீண்ட கைகளை மாற்றி மாற்றிப் போட்டு, தரையில் போவதைவிடப் பல மடங்கு வேகத்தில் போகிறது. இலையை ஊறவைத்துச் செரிக்கும் அதன் பெரிய வயிற்றில் உண்டாகும் வாயுவும் மிதக்க உதவுகிறது. பறவைக்குச் சுவராக இருந்த ஏரி, சோம்பேறி என்று பேரெடுத்த விலங்குக்கு வழியாக இருக்கிறது. பூமாவும் நீந்தி பாரோ கொலராடோவுக்கு வந்துபோகிறது. 2009-இல் தீவில் வைத்திருந்த தானியங்கிக் கேமராவில் ஒரு ஜாகுவாரே பதிவானது.

(சோம்பேறிப் பட்டமும் முழுக்கச் சரியல்ல. கூண்டில் வளர்த்த ஸ்லாத்துகள் நாளுக்குப் பதினாறு மணி நேரம் தூங்கியதைப் பார்த்து வந்த பேர் அது. பனாமாக் காட்டில் வாழும் ஸ்லாத்துகளின் தலையில் மூளை அலைகளைப் பதியும் சிறு கருவியை மாட்டிப் பார்த்தபோது, சராசரியாக ஒன்பதரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தூங்கின. 2008-இல் வெளியான முடிவு இது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மில் பலர் அதைத் தாண்டிவிடுவோம்.)

ஏரியின் தாவரம் மண்டிய ஒதுக்குப்புறங்களில், அசையாத நீரில் வட்டவட்டமாக வழவழப்பான தடங்கள் வரிசையாகத் தோன்றினால், கீழே ஒரு மனாட்டி போய்க்கொண்டிருக்கிறது. அதன் அகன்ற வால் ஒவ்வொரு முறை அசையும்போதும் மேலெழும் நீர் இந்த வட்டத்தை உண்டாக்குகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்குத் துவாரங்கள் மட்டும் வெளியே வந்து, புஸ் என்று ஒரு மூச்சு. அரை டன் எடையுள்ள விலங்கு துடுப்பெட்டும் தூரத்தில் இருப்பதற்கு அவ்வளவுதான் அடையாளம். இது தானாக வந்த விலங்கு என்று சொல்ல முடியாது. நீர்த்தாவரங்கள் பெருகி, அவற்றில் கொசு பெருகியதால், தின்று தீர்க்கட்டும் என்று 1964-இல் சில மனாட்டிகளைக் கொண்டுவந்து ஏரியில் விட்டார்கள். பெரும்பாலானவை கரீபியன் கரையில் உள்ள போக்காஸ் தெல் தோரோவில் பிடித்தவை. 425 சதுர கிலோமீட்டர் ஏரியின் களையை விரல்விட்டு எண்ணக்கூடிய மனாட்டிகளால் தின்று தீர்க்க முடியாது என்பது யோசித்தாலே தெரிந்திருக்கும். களை போகவில்லை. மனாட்டிகள் தங்கிவிட்டன.

ஸ்லாத்துக்கும் மனாட்டிக்கும் ஓர் உறவு இருக்கிறது, ரத்த உறவு இல்லை. எலி, திமிங்கிலம், ஒட்டகச்சிவிங்கி, மனிதன் என்று எந்தப் பாலூட்டியை எடுத்தாலும் கழுத்தில் ஏழு எலும்புகள்தான். இந்த விதியை மீறும் பாலூட்டிகள் இரண்டே குழுக்கள். மனாட்டிக்கு ஆறு. மூவிரல் ஸ்லாத்துக்கு எட்டு அல்லது ஒன்பது, இருவிரல் ஸ்லாத்துக்கு ஏழுக்கும் குறைவாகவும் இருக்கும். கழுத்தெலும்பின் எண்ணிக்கையை மாற்றும் மரபணுக் கோளாறு மற்ற பாலூட்டிகளில் குழந்தைப் பருவப் புற்றுநோய் போன்ற கேடுகளோடு சேர்ந்தே வருகிறது. இந்த இரண்டின் உடல் அடுப்பு மிகத் தணிந்து எரிவதால் அந்தக் கேடுகள் அவ்வளவாகத் தாக்குவதில்லை, ஆகவே விதிமீறல் நிலைத்துவிட்டது என்று ஒரு விளக்கம் இருக்கிறது. பாக் நீரிணையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு, மனாட்டியின் நெருங்கிய உறவு. அதற்கு ஏழு எலும்புகளேதான். தமிழ்நாடு அரசு 2022-இல் காப்பகம் அறிவித்தது அந்த ஆவுளியாவுக்குத்தான்.

குரங்குத்தீவுகள் என்று வழிகாட்டிகள் காட்டும் சிறு தீவுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைமுகக் கப்புச்சின் குரங்குகள் படகில் குதித்து வாழைப்பழம் பறிக்கும். பழக்கிவிட்டது நாம். பட்டமரங்களில் சிறகை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாரா, வேடந்தாங்கலில் நாம் பார்ப்பதன் அமெரிக்க உறவு. ஒல்லியாக வளைந்த அலகால் ஆப்பிள் நத்தையை ஓட்டிலிருந்து உருவும் நத்தைப்பருந்து, ஏரியில் நத்தை பெருகிய இடங்களில் வட்டமிடும். பொழுது சாய்ந்தபின் துடுப்பு போட்டுத் திரும்புகிறவர்களின் தலைக்கு மேல், ஒரு முழத்துக்கும் நீளமான சிறகுவிரிப்போடு மீன்பிடி வவ்வால்கள் நீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும். மீன் நீர்மட்டத்தில் எழுப்பும் சிற்றலையை எதிரொலியில் கண்டுபிடித்து, கொக்கிபோன்ற நகங்களால் நீரைக் கீறிக்கொண்டுபோய் அள்ளும். பாரோ கொலராடோவில் வவ்வால்களின் குரலை அளந்தவர்கள் 2008-இல் வெளியிட்ட கணக்கின்படி, பத்து சென்டிமீட்டர் தூரத்தில் மீன்பிடி வவ்வாலின் கூவல் சராசரியாக 137 டெசிபல். நம் காதுக்கு எட்டாத அலைவரிசையில் இருப்பதால் அமைதியான மாலை என்று நினைத்துக்கொண்டு போகிறோம்.

அந்த வவ்வாலுக்குக் கிடைக்கும் மீன்களின் கதைதான் இந்த ஏரியில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. தூண்டில் போட்டுக்கொண்டே கயாக்கில் போகிறவருக்கு, பச்சையும் பொன்னுமாக, வாலடியில் கண் போன்ற கருவட்டத்தோடு ஒரு முரட்டு மீன் மாட்டும். பீகாக் பாஸ். பனாமாக்காரர்கள் சார்ஜென்ட் என்று பொருள்படும் ஒரு பெயரில் கூப்பிடுகிறார்கள். இதன் சொந்த ஊர் தென் அமெரிக்க ஆறுகள். 1960-களில் யாரோ வளர்ப்புக்காகக் கொண்டுவந்து ஒரு குளத்தில் விட்டார்கள். குளத்திலிருந்து தப்பியது. ஓடை வழியே சாக்ரெஸுக்கு வந்தது. சாக்ரெஸிலிருந்து ஏரிக்கு. அவ்வளவுதான். தாமஸ் ஸாரெட் என்ற இளம் ஆய்வாளரும், சூழலியலில் பெரும் பெயர் பெற்ற ராபர்ட் பெய்னும் 1973-இல் எழுதிய கட்டுரையில், அந்த மீன் பரவிய இடங்களில் முன்பு மலிந்திருந்த எட்டு மீன் வகைகளில் ஆறு ஏறத்தாழ இல்லாமல் போனதைக் காட்டினார்கள்.

அதோடு நிற்கவில்லை. கூட்டம் கூட்டமாக நீர்மட்டத்தில் திரிந்த சிறு வெள்ளி மீன்கள் போனதும், அவற்றை நம்பியிருந்த டார்ப்பன் மீனும் ஆலாப் பறவையும் குறைந்தன. சிறு மீன்கள் தின்றுவந்த, நீரில் மிதக்கும் நுண்விலங்குகளின் கூட்டம் மாறியது. கொசுப்புழு தின்னும் மீன்கள் அருகியதால் மலேரியாக் கொசு பெருகலாம் என்றுகூட அந்தக் கட்டுரை எச்சரித்தது. கொசுவை ஒழிக்க மனாட்டியைக் கொண்டுவந்த அதே ஏரியில், அதே பத்தாண்டில். நாற்பத்தைந்து வருடங்கள் கழித்து மறுபடி வலைபோட்டுப் பார்த்தபோதும் பழைய மீன்கள் திரும்பவில்லை. ஏரியில் ஒரு பட்டமரத்தின் பக்கத்தில் கயாக்கை நிறுத்திக்கொண்டு, எவ்வளவு சிறு மீன் துள்ளுகிறது என்று பார்ப்பவருக்கு, அங்கே முன்பு என்ன துள்ளியது என்பது தெரியாது. இல்லாததை எதிர்ப்படுவது எப்படி?

இப்போது அங்கே இன்னொரு மாற்றம். கப்பல்களை 26 மீட்டர் ஏற்றி இறக்க மதகுத்தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கப்பலுக்கும் ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் ஏரியிலிருந்து கடலுக்கு இறங்குகிறது. கதவு திறக்கும் நேரத்தில் எதிர்த்திசையில் சில மீன்கள் ஏறிவிடும். டார்ப்பன் ஆரம்பத்திலிருந்தே அப்படி ஏறி வந்ததுதான். 2016 ஜூனில் இன்னும் பெரிய மதகுத்தொட்டிகள் திறக்கப்பட்ட பிறகு, ஏரிக்குள் உப்பும் கூடியது, கடல் மீனும் கூடியது. விரிவாக்கத்துக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி வலைபோட்டுப் பார்த்த ஆய்வில், பிடிபட்ட மீனின் மொத்த எடையில் ஏறத்தாழ கால் பங்காக இருந்த கடல் மீன்கள் முக்கால் பங்காகியிருந்தன. மழைக்காட்டின் நடுவே, நன்னீரில், நம் ஊர்ப் பாரை மீனின் சொந்தக்காரன் ஒரு கூட்டமாக வந்து இரையை நீர்மட்டத்துக்குத் துரத்துவதைக் கயாக்கிலிருந்து பார்க்கிறவர் திகைப்பதில் நியாயம் இருக்கிறது.

இதில் கவலை ஏரியின் மீன்களைப் பற்றியது மட்டுமல்ல. பனாமா நிலம் எழுந்து இரு சமுத்திரங்களையும் பிரித்து ஏறத்தாழ முப்பது லட்சம் வருடங்கள் ஆகின்றன. நிலத்தை வெட்டிக் கால்வாய் போட்டபோதும் இரு பக்க உயிர்களும் ஒன்றோடொன்று கலக்காமல் இருந்ததற்குக் காரணம், நடுவில் இருந்த இந்த நன்னீர் ஏரிதான். உப்பில்லாத தண்ணீர் பெரும்பாலான கடலுயிர்களுக்குச் சுவர். அந்தச் சுவரில்தான் இப்போது ஈரம் ஏறுகிறது.

நன்னீருக்கே தட்டுப்பாடு என்பது இன்னொரு சிக்கல். 2023-இல் மழை பொய்த்து ஏரி மட்டம் இறங்கியபோது, நாளுக்கு 36 கப்பல் என்பதை 2024 தொடக்கத்தில் 24 ஆகக் குறைக்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் வெளியே தெரிந்த பட்டமரங்கள் வழக்கத்தைவிட உயரம். இதற்குத் தீர்வாகக் கால்வாய் நிர்வாகம் மேற்கே உள்ள இந்தியோ ஆற்றில் அணை கட்டி, புதிதாக ஓர் ஏரியைத் தேக்கி, அந்த நீரைச் சுரங்கக்குழாய் வழியே காதூனுக்குக் கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறது. நிலம் மூழ்கப்போகும் கிராமத்து விவசாயிகள் எதிர்க்கிறார்கள். 1913-க்கும் இதற்கும் ஒரு வேறுபாடு, அவர்கள் சொல்வதைக் கேட்க இன்று ஒரு அளவுக்காவது ஆள் இருக்கிறது.

சாக்ரெஸ் பள்ளத்தாக்கு மூழ்குவதற்கு முன் 1910 முதல் 1912 வரை ஸ்மித்சோனியன் ஓர் உயிரினக் கணக்கெடுப்பு நடத்தியது. மீக், ஹில்டெப்ராண்ட் என்ற இருவர் அந்த ஆறுகளில் வலைவீசி மீன்களைச் சேகரித்தார்கள். ஏரி வருவதற்கு முன் என்ன இருந்தது என்று இன்று சொல்ல முடிவது அந்த வேலையால்தான். இந்தியோ ஆற்றில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அணை கட்டப்பட்டால், கரைகளில் எந்தப் பறவை நூறு மீட்டர் பறக்கும், எது பறக்காது, எந்த மீன் ஓட்டமில்லாத நீரில் தாக்குப்பிடிக்கும் என்ற பட்டியலை அதற்குள் எடுத்தாக வேண்டும்.